மெருகில் மறையும் எழுத்து: புதுப்பிக்கப்பட்ட பழங்கைத்துப்பாக்கியும் நமது கடமையும்

இஸ்லாமிய இலக்கிய மரபில் மெருகிடுதல் என்பது உயர்பொருள் தரும் ஒரு சொல். உள்ளத்தைத் துருவேறும் இரும்புக்கு ஒப்பிட்ட சான்றோர், அதனை இறைநினைவால் துலக்குமாறு அறிவுறுத்தினர். இமாம் கஸ்ஸாலி (ஹிஜ்ரி 450–505) தமது இஹ்யாவில் சீன ஓவியரும் ரோமானிய ஓவியரும் ஓர் அரசன் முன்னிலையில் போட்டியிட்ட கதையை எடுத்துரைக்கிறார். ரோமானியர் பல வண்ணங்களைக் குழைத்துத் தம் பக்கத்துச் சுவரை அணிசெய்தனர். சீனரோ வண்ணம் எதனையும் தொடாது தம் சுவரைத் தேய்த்துத் துலக்கிக்கொண்டே இருந்தனர். இடைத்திரை விலக்கப்பட்டபோது, எதிர்ச்சுவரின் ஓவியம் முழுவதும் துலக்கிய சுவரில் முன்னிலும் ஒளியுடன் தோன்றியது.

இக்கதையில் சீனர் துலக்கிய சுவர் வெறுஞ்சுவர் என்பது கருதத்தக்கது. அதில் முன்பே எவரேனும் எழுதிவைத்திருந்தால், அத்துலக்கல் எழுத்தையும் சேர்த்தே அழித்திருக்கும். பழம்பொருள்களைப் பொறுத்தவரை நம்மில் பலர் செய்துவரும் பிழை இதுவே. எழுதப்பட்ட சுவரை வெறுஞ்சுவர் எனக் கருதித் தேய்த்துவிடுகிறோம்.

மைசூர், ஆர்க்காடு, ஹைதராபாத் முதலிய பழைய அரசுகளின் நிலப்பகுதியில் முன்னோரின் படைக்கலங்களைப் பேணிவரும் குடும்பங்கள் உண்டு. அத்தகைய ஒரு வீட்டில் சிக்கிமுக்கிக் கல்லால் இயங்கும் பழங்கைத்துப்பாக்கி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். திருமணத்தையோ வீடு குடிபுகுதலையோ முன்னிட்டு எவரோ அதனைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று, குழலைச் சக்கரத்தில் மெருகிட்டு, நிக்கல் முலாம் பூசி, கட்டையை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடித்துக் கொண்டுவந்துவிட்டார். இன்று அது சுவரில் பளபளக்கிறது. அதனைப் பழைய நிலைக்கு மீட்க முயல்வதா, விற்பதா, அருங்காட்சியகத்திற்கு அளிப்பதா, அப்படியே விட்டுவிடுவதா என்னும் வினாவிற்கு விடை காண, முதலில் அப்பொருள் எதனை இழந்தது என்பதை அறிதல் வேண்டும்.

உலோகத்தின் மீதொரு சாசனம்

திப்பு சுல்தானின் ஆட்சிக்காலத்தை (1782–1799) எடுத்துக்கொள்வோம். ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் அவரது ஆட்சிக்குட்பட்ட பிற நகரங்களிலும் இயங்கிய அரசுப் பட்டறைகளில் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் வார்க்கப்பட்டன. 1787–88இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் அவைக்கு அவர் அனுப்பிய தூதுக்குழு கேட்டவற்றுள் கைவினைஞர்களும் அடங்குவர். அக்குழு திரும்பியபோது பிரெஞ்சுத் தொழிலாளர் சிலர் உடன் வந்தனர். ஐரோப்பிய விசைப்பொறியின் நுட்பத்தை உள்வாங்கி, அதன் மீது தமக்கே உரிய அணிமரபை ஏற்றினர் மைசூர்க் கொல்லர். ‘பப்ரி’ எனப்படும் புலிவரி, புலியின் தலை வடிவம், அலீ (ரலி) அவர்களைக் குறிக்கும் ‘அசதுல்லாஹில் ஃகாலிப்’ என்னும் தொடரையே புலிமுகமாக வரைந்த எழுத்தோவியம், ‘சர்க்காரே ஃகுதாதாத்’ என்னும் அரசின் பெயர், பட்டறை அமைந்த ‘பட்டன்’ என்னும் ஊர்ப்பெயர், ஆண்டு ஆகியவை அப்படைக்கலங்களில் இடம்பெறுகின்றன. சிலவற்றில் செய்தவர் பெயரும் உண்டு. சையித் மஃசூம் என்னும் கொல்லரின் பெயரை நாம் அறிவது அவர் செய்த துப்பாக்கிகளில் பொறித்த எழுத்தால்தான்.

எனவே, அரண்மனையின் வரலாற்றை எழுத அவைக்குறிப்பு வரைவோர் இருந்தனர். பட்டறையின் வரலாற்றுக்கோ உலோகமே ஏடாக நின்றது. அதன் மேற்பரப்பைத் தேய்ப்பது ஏட்டைச் சுரண்டுவதற்கு ஒப்பாகும்.

ஆண்டுக்குறிப்பு ஒன்றே இதனை விளக்கப் போதுமானது. திப்பு தமது ஆட்சியின் ஐந்தாம் ஆண்டில், ஏறத்தாழ 1786–87இல், ஹிஜ்ரி ஆண்டுக்கு மாற்றாக ‘மௌலூதி’ என்னும் ஆண்டுமுறையை நாணயங்களில் புகுத்தினார். பெயர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பைச் சுட்டினும், ஹிஜ்ரியினின்றும் அது வேறுபடும் ஆண்டுகள் நபித்துவத்திற்கும் ஹிஜ்ரத்திற்கும் இடைப்பட்ட காலத்தையே ஏறத்தாழ ஒத்துள்ளன. அன்றியும், வழக்கத்திற்கு மாறாக, எண்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. மௌலூதி 1224 என்பது சுல்தானின் ஆட்சிக்காலத்துள் அடங்கும் ஆண்டு. அதனை ஹிஜ்ரி 1224 எனப் பிறழக் கொண்டால் 1809–10 ஆகிவிடும். அதாவது சுல்தான் ஷஹீதாகிப் பத்தாண்டுகள் கழித்து! இடமிருந்து வலமாகப் படித்தாலோ 4221 என்னும் பொருளற்ற எண்ணே கிட்டும். இத்தகைய எழுத்து மெருகில் மங்கிய பின்னர், நல்லெண்ணத்துடனேயே எவரேனும் உளிகொண்டு ஆழப்படுத்த முயன்றால் என்ன நேரும்? அவர் தமக்குப் புரிந்த எண்ணைத்தான் பொறிப்பார். மங்கிய உண்மையிருந்த இடத்தில் தெளிவான பொய் வந்து அமர்ந்துவிடும்.

இரும்பின் நீரோட்டம்

எழுத்து மட்டுமன்று, இரும்பும் பேசும். அப்பாசிய கலீஃபா முஃதஸிம் (ஆட்சி 833–842) காலத்து அறிஞர் அல்கிந்தீ, வாள்களையும் அவற்றின் இரும்பையும் வகைப்படுத்தித் தனிநூலே எழுதினார். இந்திய இரும்பு, சரந்தீபு எனப்பட்ட இலங்கையின் இரும்பு என நாடுவாரியாக அவர் வகுத்தபோது கைக்கொண்ட அடையாளங்களுள் தலையாயது ‘ஃபிரிந்த்’ எனப்படும் நீரோட்ட வரி. மூசையில் உருக்கிய எஃகில் கரிமச் சேர்மங்கள் அடுக்கடுக்காகப் படிவதால் தோன்றும் கோலம் அது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அவ்வெஃகு ஆக்கப்பட்டது. ஐரோப்பியர் அதற்கு வழங்கிய ‘வூட்ஸ்’ என்னும் பெயர், உருக்கைக் குறிக்கும் கன்னட ‘உக்கு’ என்னும் சொல்லின் திரிபு என்பர். மைசூர் வீழ்ந்த மறு ஆண்டே அந்நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், எஃகு உருக்கும் உலைகளைக் கண்டு விரிவாக எழுதிவைத்தார். மைக்கேல் ஃபாரடே அதன் இரகசியம் அறிய ஆய்வுகள் நிகழ்த்தினார்.

துப்பாக்கிக் குழல்களில் இந்நீரோட்டத்துடன் வேறொரு வகைக் கோலமும் காணப்படும். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கி, ஒரு கோலின் மீது சுருளாகச் சுற்றிக் காய்ச்சி ஒட்டுவர். இவ்விருவகைக் கோலமும் கண்ணுக்குப் புலப்படுவது, காடிப்பொருளால் மேற்பரப்பைச் சற்றே அரித்துவிடுவதனால்தான். மெருகுச் சக்கரம் அவ்வரிப்பைச் சமன்செய்துவிட, கோலம் மறைகிறது. கோஃப்த்காரி எனப்படும் பொன்வேலையோ இன்னும் மெல்லியது. இரும்பின் மேற்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அக்கீறல்களில் பொன்கம்பியைத் தட்டிப் பதிப்பர். உப்புத்தாள் சிறிது நேரம் உராய்ந்தாலே அப்பொன் தூளாகிவிடும்.

பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்கி வளர்ந்தோர் நாம். மங்கிய உலோகத்தைக் கண்டால் கை தானாகவே புளியைத் தேடும். ஆயின், அண்டாவும் குடமும் நாள்தோறும் புழங்கும் பொருள்கள்; அவற்றுக்கு ஒளியே அழகு. இரண்டு நூற்றாண்டுகள் கடந்த இரும்பின் மீது படிந்த கபில நிறப் படலமோ அழுக்கன்று. அது காலம் இட்ட முத்திரை.

மெருகுகள் எல்லாம் ஒன்றல்ல

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். படைக்கலங்களைத் துலக்குவதும் புதுப்பிப்பதும் முஸ்லிம் அரசுகளின் வழக்கமேயன்றோ? ஆம், உண்மைதான். வாள் துலக்குவோனுக்கு அரபியில் ‘ஸைகல்’ என்று பெயர். இந்நாட்டின் சிக்லிகர் என்னும் கைவினைச் சமூகத்தாரின் பெயரும் அதன் வழிவந்ததே. இஸ்தான்புலின் தோப்காபி அரண்மனையில் புனித நினைவுப்பொருள்களாகப் போற்றப்படும் தொன்மையான வாள்கள் பலவற்றிற்கு, பிற்காலத்தே புதிய கைப்பிடிகளும் உறைகளும் பொன்னாலும் மணிகளாலும் செய்து அணிவிக்கப்பட்டன. துப்பாக்கிகளும் இவ்வாறே மாற்றம் பெற்றன. 1807இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் வெடிப்பொருளால் பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழியில் தொப்பி வைத்துச் சுடும் முறை பரவியதும், எண்ணற்ற சிக்கிமுக்கித் துப்பாக்கிகளின் விசைப்பொறிகள் மாற்றியமைக்கப்பட்டன.

இம்மாற்றங்கள் அப்பொருளின் வாழ்நாளுக்குள் நிகழ்ந்தவை. உடையவன் அதனைப் பயன்படுத்தினான், பயன்பாட்டிற்காகவே பழுதுபார்த்தான். ஆகவே அவையும் வரலாற்றின் பகுதியே. பொன் கைப்பிடியைப் பூட்டிய உஸ்மானியக் கலைஞர், தாம் பூட்டியதைப் பழையதெனக் காட்ட முயலவில்லை. தம் காலத்து அழகையே அதில் பதித்தார். நாம் எடுத்துக்கொண்ட துப்பாக்கியின் மெருகு அத்தகையதன்று. பயன்பாடு முடிந்து நினைவுச்சின்னமாகிவிட்ட பொருளின் மீது, காட்சிக்காக இடப்பட்டது அது.

இப்பிழையில் நாம் தனித்து நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இலண்டன் கோபுரத்தின் படைக்கலச் சாலையில் காவலர்கள் தலைமுறை தலைமுறையாகக் கவசங்களைத் தேய்த்துத் துலக்கியதால், அவற்றின் பழைய நீலப்பூச்சும் பொன்பூச்சும் பெருமளவில் அழிந்தன. உலகின் புகழ்வாய்ந்த தொகுப்புக்கே நேர்ந்த கதி இது.

மெருகிடப்பட்டதை அடையாளம் காண்பது அரிதன்று. எண்பட்டைக் குழலாயின் அதன் விளிம்புகள் கூர்மை இழந்து உருண்டிருக்கும். முலாமின் அடியில் துருக்குழிகள் தெரியும். பதித்த உலோகத் தகடுகளைவிடக் கட்டையின் மரம் தாழ்ந்திருக்கும். தேய்ப்பில் மரம் விரைந்து குறையும், உலோகம் குறையாது. எழுத்துகள் ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் நிழல்போன்றும் இருக்கும். குழலின் அடிப்புறமும் விசைப்பொறியின் உட்புறமும் மெருகுச் சக்கரத்திற்கு எட்டாதவையாதலால், எஞ்சிய முத்திரைகள் பெரும்பாலும் அங்கேதான் பிழைத்திருக்கும்.

செய்யத்தக்கவை

முதற்கடமை உயிர்க்காப்பு. வாய்வழி மருந்திடும் பழந்துப்பாக்கிகள் சில, இட்ட மருந்து இட்டபடியே தலைமுறைகளைக் கடந்து வந்துள்ளன. கருமருந்து உலர்ந்த நிலையில் நெடுங்காலம் ஆற்றல் இழப்பதில்லை. ஒரு மரக்குச்சியைக் குழலினுள் விட்டு அதன் ஆழத்தை அளந்து, வெளிப்புறத்தில் பற்றுத்துளை வரையுள்ள நீளத்தோடு ஒப்பிட்டால் உள்ளே அடைப்பு உண்டா என்பது விளங்கும். ஐயமிருப்பின் அதனைத் தொடாது, காவல்துறையின் வாயிலாக வல்லுநரிடம் விடுதலே அறிவுடைமை.

இரண்டாவது, சட்டம். 1878ஆம் ஆண்டின் ஆங்கிலேய ஆயுதச் சட்டம் இந்தியர் உரிமமின்றிப் படைக்கலம் வைத்திருப்பதைத் தடுத்தது. இந்தியாவில் இன்று நடைமுறையிலுள்ள 1959ஆம் ஆண்டின் சட்டம், வழக்கொழிந்த அல்லது தொல்பொருள் மதிப்புள்ள படைக்கலங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆயினும் பழுதுபார்த்தும்கூடத் துப்பாக்கியாகப் பயன்படுத்த இயலாதவற்றிற்கே அவ்விலக்கு உரியது. ஆகவே, புதுப்பித்தவர் விசைப்பொறியையும் இயங்கும்படி சீராக்கியிருந்தால், அவர் அழகை மட்டும் மாற்றவில்லை, அப்பொருளின் சட்டநிலையையும் மாற்றியிருக்கக்கூடும். உரிமம் வழங்கும் அலுவலரிடம் எழுத்து மூலம் தெளிவு பெறுதல் நன்று. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்பவும் இயலாது.

மூன்றாவது, மீண்டும் மெருகிடாமை. முலாமை உரிக்கும் அமிலம் முலாமோடு நில்லாது. எஞ்சிய எழுத்தையும் அரிக்கும். செயற்கையாகத் துருவேற்றிப் பழமைத் தோற்றம் தருவதோ ஒரு பொய்யை மற்றொரு பொய்யால் மூடுவதாகும். ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்பது 1964இல் வெனிஸ் நகரில் தொல்கட்டடங்களுக்காக வகுக்கப்பட்ட நெறி. கைப்பிடியளவு பொருளுக்கும் அது பொருந்தும். கட்டையின் வார்னிஷை மட்டும் பயிற்சிபெற்ற பேணுநர் நீக்கக்கூடும். மற்றபடி நுண்படிக மெழுகை மெல்லியதாகப் பூசி, உலர்ந்த இடத்தில் வைத்தல் போதும். தோலுறையில் வைத்தல் கூடாது. பதனிட்ட தோலின் காடித்தன்மை இரும்பை அரிக்கும்.

நான்காவது, பதிவு. எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து, அளவுகளைக் குறித்து, எஞ்சிய எழுத்துகளைச் சாய்வொளியில் பார்த்து எழுதிவைக்க வேண்டும். அத்துடன், எந்த ஆண்டில் யார் எதனைச் செய்வித்தார் என்னும் செய்தியையும், அதனை அறிந்த முதியோர் வாழுங்காலத்திலேயே கேட்டு எழுதிவிட வேண்டும். மெருகால் இழந்த சான்றுக்கு ஓரளவேனும் ஈடு இதுவே. 2023 மே மாதம் இலண்டனில் திப்புவின் பள்ளியறை வாள் 1 கோடியே 40 இலட்சம் பவுண்டுக்கு ஏலம் போயிற்று. அவ்வளவு விலைக்கு எஃகும் பொன்னும் மட்டும் காரணமல்ல. அது 1799இல் தாக்குதலை நடத்திய தளபதி டேவிட் பெயர்டுக்கு அளிக்கப்பட்டது என்னும் வரலாறு அறுபடாது அதனுடன் தொடர்ந்து வந்துள்ளது. கொள்ளை கொண்டோர் கணக்கு வைத்தனர். உரியோராகிய நாம் வைக்கவில்லை.

விற்பதும் வக்ஃபு செய்வதும்

உடையவர் விற்க விழைந்தால் அதற்கு மார்க்கத்தில் தடையில்லை. மறைத்து விற்பதற்கே தடை. அங்காடியில் தானியக் குவியலினுள் கையை விட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஈரத்தை உணர்ந்து வினவியதும், மழையில் நனைந்துவிட்டது என வணிகர் விடையிறுத்ததும், மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் கேட்டதும், ஏமாற்றுவோர் தம்மைச் சார்ந்தோரல்லர் என எச்சரித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. நனைந்தது குற்றமாகவில்லை, நனைந்ததை அடியில் வைத்ததே குற்றமாயிற்று. விற்பனைக்கு முன் பாலைக் கறவாது மடியைப் பெருக்கிக் காட்டுவதும் நபிமொழியில் தடுக்கப்பட்டது. வாங்கியவர் அக்கால்நடையை வைத்துக்கொள்ளலாம், அல்லது ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பித் தரலாம். இதனை அடிப்படையாகக் கொண்டு, தோற்றத்தை மாற்றி விலையை உயர்த்தும் பிற செயல்களையும் ஷாஃபிஈ ஃபிக்ஹு அறிஞர் இவ்வகையில் அடக்கினர். 12ஆம் நூற்றாண்டில் சிரியாவின் அஷ்ஷைஸரீ, அங்காடிக் கண்காணிப்பாளராகிய முஹ்தஸிபுக்கு எழுதிய கையேட்டில், சீர்செய்த பழைய ஆணிகளைப் புதிய ஆணிகளுடன் கலந்து விற்கக் கொல்லரை அனுமதியாதீர் என்கிறார். ஓர் ஆணிக்கே இவ்வளவு நுணுக்கமெனில், ஒரு சுல்தானின் காலத்தைச் சுமந்து நிற்கும் துப்பாக்கிக்கு எவ்வளவு வேண்டும்! ‘மெருகிடப்பட்டது, முலாம் புதியது, இவ்வெழுத்து ஐயத்திற்குரியது’ என விற்பனைத் தாளிலேயே எழுதித் தருவதுதான் அந்நனைந்த தானியத்தை மேலே வைப்பதாகும்.

எனினும், விற்பனையினும் சிறந்த வழி ஒன்று உண்டு. ஸகாத் திரட்டச் சென்றவர் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களைப் பற்றி முறையிட்டபோது, காலித் தம் கவசங்களையும் போர்க்கருவிகளையும் இறைவழியில் நிறுத்திவைத்துவிட்டார் என நபிகளார் (ஸல்) விளக்கமளித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் காணப்படும் இச்செய்தியே, நிலம் அல்லாத அசையும் பொருள்களையும் வக்ஃபு செய்யலாம் என்போருக்கு முதன்மையான ஆதாரம். ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூயூசுபும் இமாம் முஹம்மதும் படைக்கலங்களின் வக்ஃபை இசைந்தனர். பொருள் அழியாது நிற்க, அதன் பயன் தொடர்ந்து பலரையும் சேர்தல் வக்ஃபின் உயிர்நிலை. போர்ப்பயன் ஒழிந்த பழந்துப்பாக்கிக்கு இன்று எஞ்சியிருக்கும் பயன் கல்விப்பயனே. ஓர் அருங்காட்சியகத்திற்கோ, பாதுகாப்பு வசதியுள்ள கல்வி நிறுவனத்திற்கோ, சட்டம் வகுத்த முறைப்படி, மேற்சொன்ன பதிவுகளுடன் அதனை ஒப்படைத்தால் அப்பயன் நிலைபெறும்.

மெருகிட்டதை அருங்காட்சியகம் ஏற்குமா என்னும் தயக்கம் வேண்டா. உள்ளே பிழைத்த ஒரு முத்திரை, ஒரு கொல்லனின் பெயர், குழல் முறுக்கப்பட்ட முறை ஆகியவற்றுள் ஒன்று கிடைப்பினும் ஆய்வாளருக்கு அது புதுச்செய்தி. ஒன்றும் கிடையாதெனினும், மெருகு எதனை அழிக்கும் என மாணவர்க்குக் கண்முன் காட்டும் பாடமாகவேனும் அது அமையும். அதற்கும் வாய்ப்பில்லையாயின் வீட்டிலேயே இருக்கட்டும். ஆனால் அதன் கதையை எழுதிய தாளும் அதனுடன் இருக்கட்டும்.

முன்னோரின் பொருள் நம் கையில் உள்ள அமானிதம். பெற்றபடியே திருப்பித் தருவது அமானிதத்தின் இயல்பு. அப்படித் தர இயலாதவாறு முன்னொருவர் செய்துவிட்டாராயின், எது குறைந்தது என்பதை மறையாது சொல்லி, எஞ்சியதை மேலும் குறையாது ஒப்படைப்பதே பின்வந்தோரின் பொறுப்பு. சையித் மஃசூமைப் போன்று தம் பெயரை இரும்பில் மட்டுமே விட்டுச்சென்ற வேறு கொல்லரும் இருந்திருப்பர். அவர்களுள் ஒருவரது பெயர் ஏதோ ஒரு குழலின் அடிப்புறத்தில், நிக்கல் பூச்சு எட்டாத ஓரிடத்தில், இன்னும் எஞ்சியிருக்கக்கூடும். அதனைப் படிக்க வல்லார் வரும்வரை உப்புத்தாளிலிருந்து காப்பது நம்மால் இயலும்.